தாடிக்காரக் கிழவன் போட்ட வெள்ளிக்காசு

வால்புர்காவுக்குப் பயமே கிடையாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். ஒரே ஒரு நாள் அவள் கை நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அவள் வண்டிக்குத் துணையாகப் போயிருந்தேன்.

புருஷன் செத்த பிறகு வெள்ளிக்கல் கழுவி, வெள்ளி உருக்கும் பட்டறையில் உலை பார்த்து, இரண்டு குதிரைகள் வாங்கி வண்டிக்காரி ஆனவள் அவள். எங்கள் யோவாக்கிம் பள்ளத்தாக்கில் வெள்ளி இருந்தது, ரொட்டி இல்லை. வெள்ளி என்றதும் விழுந்தடித்து ஓடிவந்த நாங்கள், வயல் எங்கே என்று கேட்டோமா? ஊரே, எங்கள் வெள்ளியில் அடித்துக் கூலியாகத் தந்த புதுக் காசைத் திரட்டி, தானியம் வாங்கிவர அவளைப் பக்கத்துச் சாக்சனி நாட்டு லைப்சிக் சந்தைக்கு அனுப்பியது.

தானிய வியாபாரி மெல்கியோர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“யாரும்மா இந்தத் தாடிக்காரக் கிழவன்?”

“யோவாக்கிம். ஏசுவோட தாத்தா. கோயில் பக்கமே போனதில்லையா நீ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “எந்தக் காட்டுல அடிச்ச காசோ! இதுக்கு ஒரு மூட்டைகூடக் கிடையாது, போ.”

“உருக்கிப் பாருய்யா. உங்க சாக்சனிக் காசு ஒண்ணு, எங்க காசு ஒண்ணு. எங்களுது குறைஞ்சா என் ரெண்டு குதிரையும் உனக்கு.”

குதிரை போனால் அவள் மறுபடி கல் கழுவத்தான் போக வேண்டும். ஊரும் பட்டினி.

சந்தையின் சோதனைக்காரர் எலும்புச் சாம்பல் கிண்ணங்கள் இரண்டில் காசுகளை ஈயத்தோடு போட்டு உலையில் வைத்தார். ஈயமும் கலப்பும் சாம்பலுக்குள் இறங்கிவிடும். வெள்ளி மட்டும் மணியாகத் தங்கும். சாக்சனி மணி முதலில் பளிச்சென்று மின்னியது. அதை எடுத்தார்கள்.

“இதையும் எடுய்யா, எவ்வளவு நேரம்!” என்றான் மெல்கியோர். சோதனைக்காரர் இடுக்கியை நீட்டினார்.

“தொடாதீங்க!” என்று கத்தினாள் வால்புர்கா. “இன்னும் மின்னல. இப்ப எடுத்தா உள்ள ஈயம் நிக்கும்.”

“நின்னா எடை கூடத்தானே காட்டும்? உனக்குத்தானே லாபம்?”

“ஈயத்தை வெச்சு ஜெயிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? வாயை மூடிட்டு நில்லு.”

வெள்ளி மின்னும்வரை தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். நான் கழற்றினேன். என்ன நினைத்தானோ, மெல்கியோரும் கழற்றினான். அப்போதுதான் அவள் கை நடுங்கியது.

மின்னியது!

இரண்டு மணிகளையும் தட்டுக்கு ஒன்றாக வைத்ததும் தராசு முள் ஆடி ஆடி, நட்டநடுவில் நின்றது. நான் தொப்பியை ஆகாயத்தில் எறிந்து கூத்தாடினேன், வெட்கமே இல்லை. “மூட்டைய ஏத்துங்கப்பா,” என்றான் மெல்கியோர்.

யோவாக்கிம்ஸ்தாலர் என்ற எங்கள் காசின் பேரை முழுசாகச் சொல்ல யாருக்கு வாய் வளையும்? சந்தைக்காரர்கள் தலையை வெட்டிவிட்டு, பள்ளத்தாக்கைச் சேர்ந்தது என்று பொருள்படும் வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: தாலர்.

மறுவருஷம் போனபோது, எங்களை அறியாத ஒரு வியாபாரி, பட்டுச்சட்டைக்காரர் ஒருவர் நீட்டிய காசைத் தள்ளிவிட்டுக் கூவிக்கொண்டிருந்தான்: “இதெல்லாம் வேணாங்க. தாலர் யார்கிட்ட இருக்கு, தாலர்?”

“என்கிட்ட இருக்கு,” என்றாள் வால்புர்கா. “பீப்பா நிறைய.”

பட்டுச்சட்டைக்காரர் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்.