கடைசிக் கால் மணி நேரம்

ரேடியம் பூசிய இரண்டு முட்கள் தியேட்டர் இருட்டில் பச்சையாகத் தெரியும். படத்தைப் பார்த்ததைவிட நான் அந்த முட்களைப் பார்த்ததுதான் அதிகம். அது என் மூத்த ஓரகத்தியின் வாட்ச். என் கணவரின் அண்ணன் மனைவி அவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆசிரியர் பயிற்சி முடித்தபோது திருத்துறைப்பூண்டியில் அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவரை வேலைக்கு அனுப்பவில்லை. வாட்ச் சான்றிதழோடு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் கும்பகோணத்துக்கு மேட்னி ஷோ போகும் நாளில் மட்டும் அது வெளியே வந்து கையில் ஏறும். இப்போது தஞ்சாவூரில் என் மகன் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கிறது. அக்கா இறந்து எட்டு மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை. வரும் வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

எங்கள் மாமியார் சினிமாவுக்கு எதிரி இல்லை. "போயிட்டு வாங்கடி, விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடணும்" என்பார், அவ்வளவுதான். ஆனால் பாபநாசம் தாண்டி எங்கள் ஊருக்குள் வரும் பஸ் கும்பகோணத்தில் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் ஏழரைக்குத்தான். இரண்டரைக்கு ஆரம்பிக்கிற படம் எது ஐந்து மணிக்குள் முடிந்திருக்கிறது? நாலு ஐம்பதுக்கு அக்கா வாட்சைப் பார்ப்பார், என் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலில் எல்லாம் இடித்து, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். வெயில் கண்ணில் அடிக்கும். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தப் பதினோரு வருடத்தில் தியேட்டரில் ஒரு படத்தின் முடிவைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

அதனால் அடுத்து எந்தப் படம் பார்ப்பது என்று அக்கா முடிவு செய்த விதமே தனி. யார் நடித்தது, பாட்டு எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டார். நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்காரரிடம் போய், "படம் எத்தன மணிக்குங்க விடுது?" என்று விசாரிப்பார். ஐந்து, ஐந்தேகால் என்றால் டிக்கெட் வாங்குவார். அதற்கு மேல் என்றால் அடுத்த தெரு தியேட்டருக்கு நடையைக் கட்டுவோம். இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். கூடுமானவரை சண்டைப் படமாக இருக்க வேண்டும். "கடைசி கால் மணி நேரம் அடிச்சுக்கத்தானே போறானுங்க? யாரு ஜெயிப்பான்னு நமக்குத் தெரியாதா? நஷ்டமே இல்ல, வா" என்பார். குடும்பப் படத்தில் எல்லாரும் மனசு விட்டுப் பேசுவதே கடைசியில்தானாம், அதைப் பாதியில் விட்டு வந்தால் சாப்பாடு இறங்காதாம். இந்த விவரம் ஊருக்குத் தெரியுமா? "பொம்பளைங்க பாக்குற படமா இதெல்லாம், எப்பப் பாரு வெட்டுக் குத்து" என்று எங்களுக்குப் பெயர் கெட்டதுதான் மிச்சம். நடவுக்கு வரும் பெண்கள் எங்களைக் கண்டால் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு முஷ்டியை மடக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். அக்காவும் பதிலுக்கு முஷ்டியை மடக்குவார். மிச்சப் படத்தை பஸ்ஸில் அவரே முடித்துவைப்பார். வில்லனைக் கொன்று, கட்டிப்போட்டவர்களை அவிழ்த்துவிட்டு, எல்லாரையும் பத்திரமாக அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் பாபநாசம் வருவதற்கும் சரியாக இருக்கும்.

ஒரே ஒரு முறை அவர் தன் கணக்கை மீறினார். ஒரு பெண் டிரங்குப் பெட்டியோடு ரயில்வே பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிற போஸ்டர். அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஸ்டாண்டுக்காரர், அவருக்கு எங்களைத் தெரியும், "அஞ்சரை ஆயிடும்மா, ஒங்களுக்கு ஒத்துவராது" என்று எச்சரித்தார். அக்கா நேரே போய் டிக்கெட் வாங்கினார். நாலு ஐம்பதுக்கு அவர் என் தொடையைத் தட்டவில்லை. திரையில் அந்தப் பெண் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், புகுந்த வீட்டுக்குத் திரும்ப அழைத்துப் போக மாமனார் வந்து எதிரே நின்றிருந்தார். பச்சை முட்கள் ஐந்து மணியைத் தொட்டன. "அக்கா, மணி" என்றேன். "இரு" என்றார். மறுபடி கூப்பிட்டேன். "இருடி, ஒரு நிமிஷம்" என்றார். எனக்கு மாமியார் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தோம். அன்று பாபநாசம் வரை அவர் வாயே திறக்கவில்லை. ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, "திரும்பிப் போயிருப்பா. வேற எங்க போவா" என்றார். அதற்கடுத்த மாதம் மறுபடி சண்டைப் படம்தான்.

பிறகு பாகப்பிரிவினை, தனித்தனி வீடு, தனித்தனி டிவி. சேர்ந்து போவது நின்றது. சென்ற வருடம் சிறுநீரகம் கெட்டுப்போய் அக்காவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்தான் தினமும் கஞ்சி கொண்டுபோவேன். ஒரு நாள் கேட்டார்: "பெட்டியோட நிப்பாளே, அந்தப் படம் ஞாபகம் இருக்கா? ஒங்க வீட்டு டிவில பழைய படம்லாம் வருதாமே. பாத்துட்டு வந்து சொல்லு. அவ திரும்பிப் போனாளா?" பார்க்கிறேன் என்றேன். தேடினேன், படம் இருந்தது. அலைந்து திரிந்து வந்த அலுப்பில் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். இரண்டாம் முறை கேட்டபோது பேச்சை மாற்றினேன். மூன்றாம் முறை பொய் சொன்னேன். "பாத்துட்டேன்க்கா. நீங்க அன்னைக்குச் சொன்னதேதான். திரும்பிப் போயிட்டா." அவர் சொன்ன முடிவை அவருக்கே கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "போயிட்டாளா" என்றார். பிறகு, "சரி" என்றார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அசதி என்று எண்ணி, டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் போய்விட்டார்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் இந்த வீட்டில் பகல் மிகவும் நீளம். "அடுத்து எதப் பாக்கறதுன்னு நீ யோசிக்கவே வேணாம்மா, அதுவே சொல்லும்" என்று மகன் சொல்லிக்கொடுத்தான். அக்காவும் நானும் பாதியில் விட்டு வந்த படங்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடிவுகளைப் பார்த்தேன். அக்கா சொன்னதற்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்ததை வைத்துக்கொண்டு டிவி எனக்கு மேலும் மேலும் சண்டைப் படங்களாகவே எடுத்துக் கொடுத்தது. பெட்டிக்காரி படம் மட்டும் ஓரத்தில் இருந்தது. அதைத் தாண்டித் தாண்டி எட்டு மாதம் ஓட்டினேன்.

நேற்று மதியம் இரண்டரைக்கு அதைப் போட்டேன். அக்காவின் வாட்சுக்குச் சாவி கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ரேடியம் எப்போதோ மங்கிவிட்டது. பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்தாள், மாமனார் வந்து நின்றார். என் கால் தானாகச் செருப்பைத் தேடியது. உட்கார்ந்திருந்தேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டாள், எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டாள். ரொம்பப் பசி போலச் சாப்பிட்டாள். படம் முடிந்தது.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பியது அசதியால் இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. மனசில் எதுவும் அசையவில்லை, மரக்கட்டை மாதிரிதான் இருந்தேன். டிவி அடுத்த படத்துக்குப் பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்தது. சண்டைப் படம். வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐந்தரை ஆகியிருந்தது. "போகலக்கா" என்றேன். "அவ திரும்பிப் போகல."