புழு செத்த உரம்

மண்புழு ஓடும் என்று அந்தக் காலை வரைக்கும் எனக்குத் தெரியாது. ஷெட்டைத் திறந்து, தொட்டியை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினேன். சிமெண்டுச் சுவர் முழுக்கப் புழு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விளிம்பைத் தாண்டி, பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்துகொண்டிருந்தன. விழுந்ததை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் இருந்தவை செத்துக் கூழாகிக் கிடந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. "அய்யய்யோ, போச்சு, எல்லாம் போச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் ஓடி வந்தார்கள்.

நாங்கள் ஆறு பெண்கள், ஒரே மகளிர் குழு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் உரம் போடுகிறோம். விற்காமல் வாடிப்போன பூ, நார் உரித்த வாழைமட்டை, கட்டி மிஞ்சிய மாலை எல்லாம் சுமை ஆட்டோவில் வந்து இறங்கும். அதைச் சாணியோடு கலந்து, இருபது நாள் குவித்துப் போட்டு, புரட்டிப் புரட்டி ஆறவைத்து, பிறகுதான் தொட்டியில் புழுவுக்குக் கொடுப்போம். குழுவுக்கு நான்தான் தலைவி. நிலையான வளர்ச்சி என்று எங்கே கூட்டம் போட்டாலும் எங்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். பதினேழு இலக்கையும் கலர்க் கட்டமாகப் போட்ட படம் ஒன்று கொடுப்பார்கள். எங்கள் ஷெட்டிலும் அது தொங்குகிறது. குப்பை உரமாகுது, உரம் கீரையாகுது, கீரை பிள்ளைகள் வயிற்றுக்குப் போகுது என்று நான் மைக்கில் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். என் வாய் அப்படி.

அந்த வாய்தான் ஒன்றரை மாதத்துக்கு முன் மதினியைக் குதறியது. எங்கள் தெருவில் என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை மதினி என்று கூப்பிடுவேன். குழுவில் முதல் ஆளாகச் சேர்ந்தவர். அவர் பார்த்துக்கொண்ட தொட்டியில் அப்போது ஒரே நாளில் அத்தனை புழுவும் செத்துக் கிடந்தது. "பச்சைச் சாணியை அப்படியே போட்டீகளாக்கும்? கண்ணை எங்க வச்சிருந்தீக?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். "ஆறப்போட்ட சாணிதான் தாயி" என்று அவர் சொல்லச் சொல்ல என் காதில் ஏறவில்லை. இனிமேல் தொட்டிப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி அவரைச் சல்லடைக்குத் தள்ளிவிட்டேன். போய் உட்கார்ந்து சலித்தார்.

இப்போது புழு ஓடுகிற தொட்டி என்னுடையது. சாணி நான் போட்டது, தண்ணீர் நான் தெளித்தது. யாரைத் திட்டுவது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதினிதான் முதலில் குனிந்து, தரையில் கிடந்த புழுக்களை இரண்டு கையாலும் அள்ளிப் பழைய சாணியில் விட ஆரம்பித்தார். நாங்களும் உட்கார்ந்து பொறுக்கினோம். உயிரோடிருந்ததை எல்லாம் இடம் மாற்றி முடிக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

அந்த நேரத்தில் சுமை ஆட்டோக்காரர் வந்தார். அவர் இறக்கியது முழுக்க மல்லிகை, மூட்டை மூட்டையாக. எனக்கு அதைப் பார்த்ததும் சுருக்கென்றது. எப்போதும் எங்களுக்குக் கலந்து கட்டிய பூதான் வரும். மல்லிகை மட்டுமே மூட்டையாக வந்தது இதற்கு முன் இரண்டே தடவை. முதல் தடவை வந்தது மதினியின் தொட்டிக்குப் போனது. இரண்டாவது என்னுடையதற்கு.

"அண்ணே, இது எங்க எடுத்த பூ?"

"அன்னைக்கு எடுத்த அதே கடைதான்த்தா. வெல விழுந்துருச்சுல்ல, விக்காததைத் தள்ளிவிட்டாக."

"இதுக்கு என்ன மருந்து அடிக்காக?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொட்டுப்புழு விழுந்தா அடிக்கத்தானே செய்வாக. எதை அடிச்சாக, எம்புட்டு அடிச்சாகன்னு நான் என்னத்தக் கண்டேன்? நான் வண்டி ஓட்டுறவன்."

ஊரே தலையில் வைக்கிற பூ. சாமிக்குப் போடுகிற பூ. அதைப் போய்ச் சந்தேகப்பட எனக்கு எப்படித் தோன்றும்? இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபது நாள் ஆறப்போட வேண்டிய குவியலை அந்த இரண்டு தடவையும் ஒரே வாரத்தில் தொட்டிக்கு மாற்றச் சொன்னது நான். ஆர்டர் வந்திருந்தது, அவசரம். இருபது நாளும் விட்டிருந்தால் மருந்தின் வீரியம் குறைந்திருக்குமோ என்னவோ. ஆக, பூ பாதி, நான் பாதி.

சல்லடைச் சத்தம் நின்றது. புழுவைப் பொறுக்கி முடித்துத் திரும்பவும் சலிக்கப் போயிருந்த மதினி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அந்தச் செத்த தொட்டி உரம் பள்ளிக்கூடத்துக்குத்தான போச்சு? அங்க இன்னைக்குத்தான கீரை அறுக்காக?"

கைச் சாணியைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனைத் தேடினேன்.

கப்பலூரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். சத்துணவுக்கென்று பிள்ளைகளே தோட்டம் போட்டிருந்தார்கள். முதல் உரம் எங்களுடையது. நன்றாக வந்தால் ஒன்றியத்தில் உள்ள மற்றப் பள்ளிகளுக்கும் எங்களிடமே வாங்குவதாகப் பேச்சு. மதினியின் தொட்டியில் புழு செத்தபோது உரம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதைச் சலித்துச் சாக்கில் கட்டச் சொன்னேன். "புழு செத்ததைப் போயி பிள்ளைக தோட்டத்துக்கா?" என்று மதினி அன்றைக்கே கேட்டார். "புழு செத்தா என்ன, உரம் உரந்தான். உங்க வேலையைப் பாருங்க" என்று வாயை அடைத்தேன். தலைமையாசிரியை முந்தின நாள்தான் போன் செய்து, "நாளைக்கு முதல் அறுப்பு, கீரைச் சாம்பார், அவசியம் வந்துருங்க" என்று கூப்பிட்டிருந்தார். பெருமையில் நான் நல்ல சேலை கூட எடுத்து வைத்திருந்தேன்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வகுப்பு நேரத்தில் எடுக்க மாட்டார்.

குழுவில் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, செடி நல்லாத்தான வந்திருக்கு? விஷமா இருந்தா முளைச்சிருக்குமா? சும்மா இருந்தோம்னா ஒண்ணும் இல்ல. போய்ச் சொன்னோம்னா ஆறு பேர் பொழப்பும் போயிரும்."

அவள் சொன்னது எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு பத்து நிமிடம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை பெய்திருக்கும், கழுவிப் போயிருக்கும். புழு வேறு, மனுசன் வேறு. யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி அதற்குள் கையைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"நான் பஸ் ஏறிப் போறேன். நீ வரலைன்னா இரு."

"பஸ்ஸு போய்ச் சேர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிருவாக மதினி" என்று சொன்னபோதே நான் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன்.

ரிங் ரோட்டில் லாரிக்கு நடுவே என் ஸ்கூட்டியை அதுவரை அப்படி விரட்டியதில்லை. மதினி பின்னால் உட்கார்ந்து என் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தார். "எடுக்கலை... எடுக்கலை..." என்று மட்டும் கேட்டது. கப்பலூர் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டினேன். சக்கரம் சறுக்கியது, மதினி என் இடுப்பைப் பிடித்தார், வண்டி நிற்கவில்லை. வெயிலில் கண் கூசியது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. வராண்டாவில் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் போட்டோ எடுக்காம வச்சிருக்கேன்!" என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே வந்தார்.

"டீச்சர், சாம்பார் ஊத்த வேணாம். நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன், என்னாச்சு?"

"அந்த உரத்துல ஒரு சின்னப் பிரச்சனை. கீரையை இன்னைக்கு வேணாம், டீச்சர்."

"என்ன பிரச்சனை? கீரையில என்ன இருக்கு?"

"தெரியலை."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "தெரியலையா? எங்கயாவது சோதிச்சுப் பார்த்தீங்களா? யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

சமைக்கிற அம்மா கரண்டியோடு நிமிர்ந்தார். "பிள்ளைகளுக்கு ஊத்தும் முன்னாடி நானும் தின்னு பார்த்தேன், டீச்சரும் தின்னாக. நாங்க என்ன செத்தா போயிட்டோம்? அம்புட்டு ஆசையா வளர்த்த கீரைம்மா இது."

தலைமையாசிரியை என்னையும் தட்டோடு காத்திருந்த பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியாத ஒண்ணுக்காக இம்புட்டுப் பேரையும் வெறுஞ்சோறு திங்க வைக்க முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டுச் சமைக்கிற அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கரண்டி வாளிக்குள் போனது. முன்வரிசையில் ஏற்கெனவே பதினோரு தட்டில் சாம்பார் விழுந்திருந்தது. அதில் ஒரு சின்னப் பெண் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னப் பிரச்சனை என்று பூசி மெழுகினால் கரண்டி நிற்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"புழு செத்த உரம் டீச்சர் அது!" என்று கத்திவிட்டேன். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. "ஒரு தொட்டிப் புழுவும் அதுல செத்துப் போச்சு. இன்னைக்குக் காலையில இன்னொரு தொட்டியிலயும் அதே மாதிரி செத்துக் கிடக்கு. பூவுல அடிச்ச மருந்தா இருக்கும்னு நினைக்கேன். முதல் தொட்டி செத்தது தெரிஞ்சுதான் உங்களுக்குச் சாக்குல கட்டிக் கொடுத்தேன். இந்தா நிக்கிறாகளே, இவுக அன்னைக்கே வேணாம்னாக. நான்தான் கேக்கலை."

கரண்டி அப்படியே நின்றது. தலைமையாசிரியை நேராக முன்வரிசைக்குப் போய், அந்தச் சின்னப் பெண்ணின் தட்டைத் தன் கையாலேயே எடுத்தார். பிறகு அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. பிள்ளைகள் அன்றைக்குச் சோறும் முட்டையும் உப்பும் சாப்பிட்டார்கள். வாளிச் சாம்பாரைப் பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். போன் செய்து வரவழைத்த நர்ஸ் அந்தப் பதினோரு பேரையும் சமைத்த அம்மாவையும் டீச்சரையும் உட்கார வைத்துப் பார்த்தார். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. வாந்தி, தலைசுத்தல் ஏதாவது வருதான்னு சாயங்காலம் வரைக்கும் பாருங்க" என்றார்.

"நீங்க போகலாம்" என்று தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். "இனிமே உங்க சாக்கு இந்த வாசல்ல ஏறக் கூடாது." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் போகவில்லை. நானும் மதினியும் கேட்டுக்கு வெளியே வேப்ப நிழலில் உட்கார்ந்தோம். உள்ளே யாராவது இருமினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மணிக்கு ஒரு பையன் குழாயடிக்கு ஓடினான், நான் எழுந்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். மூன்று மணிக்கு வாத்தியார் ஒருவரும் சமைக்கிற அம்மாவும் தோட்டத்தில் மிச்சமிருந்த கீரையை வேரோடு பிடுங்கி வெயிலில் போட்டார்கள். வகுப்பு ஜன்னலில் பிள்ளைகள் முகம் வரிசையாகத் தெரிந்தது. மதினி என் பக்கத்தை விட்டு எழுந்து போகவில்லை.

நாலு மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்தார்கள். முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்தை எல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எண்ணினேன். பத்து. மறுபடி பார்த்தேன், பத்துதான். அந்தச் சின்னப் பெண்ணைக் காணோம். "மதினி, அந்தப் பிள்ளை வரலை மதினி" என்றேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டமெல்லாம் போன பிறகு அவள் வந்தாள். டீச்சர் தன் பக்கத்திலேயே வைத்திருந்தாராம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"அத்தை, நாங்க தண்ணி சரியா ஊத்தலையா? அதான் கீரையப் பிடுங்கிட்டாகளா?"

"இல்ல தாயி. நீங்க நல்லாத்தான் ஊத்துனீக. நான் கொடுத்த உரம் சரியில்லை."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

அவள் தோளில் நழுவிய பையை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்சேவா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.