கிள்ளை வண்டியின் நான்கு துளைகள்

தங்கராசுவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கிரைண்டர் வயர் சிக்கிக்கொண்டு கிடந்தால் போதும், அன்றைய பொழுது முழுக்க அதற்கே சரியாகிவிடும். சிதம்பரம் புறவழிச்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு இருபத்தாறு வருஷமாக வெல்டிங் வேலை பார்க்கிறவர். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வேலை என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரிடம்தான் அனுப்புவார்கள். "திட்டுவாரு, காதுல வாங்கிக்காத" என்று சேர்த்துச் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை அவருக்கு வந்த கோபத்தில் முழு நியாயம் இருந்தது.

வந்தது கிள்ளை கிராமத்து இளவரசுவின் பிக்கப் வண்டி. வயது பதினைந்து. இளவரசுவும் அவன் மனைவி அமராவதியும் தினம் விடியற்காலையில் கிள்ளையில் மீன் ஏற்றி, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவார்கள். அமராவதி வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் இளவரசுவும் தங்கராசுவை "மச்சான்" ஆக்கிக்கொண்டான். மற்றபடி சொந்தம் ஒன்றும் கிடையாது.

வண்டியின் மூஞ்சியைப் பார்த்தால் நேற்று ஷோரூமிலிருந்து வந்தது போல இருக்கும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெயின்ட், பானெட்டில் பட்டை பட்டையாகச் சந்தனம், முன்னால் கலர் கலராக எரியும் விளக்குகள், ஊரை எழுப்பும் ஹாரன் இரண்டு. அடியில் குனிந்து ஒழுங்காகப் பார்க்க மட்டும் பதினைந்து வருஷத்தில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

"திங்கக்கெழம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. மச்சான். சேஸிஸ்ல லேசா துரு இருக்குது. ஒரு இரும்புப் பட்டைய வச்சி ஒட்டி, கறுப்பு அடிச்சிக் குடுத்துடு" என்றான் இளவரசு.

தங்கராசு சுத்தியலோடு அடியில் போய்ப் படுத்தார். முன்பக்கம் தட்டினார். டங் என்றது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து தட்டினார். டங். பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்தில் தட்டினார். தொப் என்றது. இன்னொரு தட்டு தட்டியதும் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. கை அகலத் துருப் பொருக்கு பெயர்ந்து அவர் முகத்தில் விழுந்தது.

வெளியே வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"லேசாவா? இதுக்குப் பேரு லேசா? எது மேலடா பட்டைய வக்கிறது? துரு மேல வெல்டு ஒட்டுமா? ஒரு நாளு லோடோட பாலத்துல போவும்போது நடுவுல மடிஞ்சி ஒக்காந்துடும். உள்ள இருக்குறது நீயும் எந் தங்கச்சியும். ஞாபகம் வச்சிக்க."

"அது தெரியுது மச்சான். ஆனா வண்டி ஒரு வாரம் நின்னுச்சுன்னா போட்டுக்காரவுங்க மீன வேற வண்டிக்கு மாத்திடுவாங்க. அப்புறம் திரும்பி வராது."

அதுவும் உண்மைதான். உண்மை என்பதால்தான் தங்கராசுவுக்கு எரிச்சல் இன்னும் ஜாஸ்தியானது. திங்கட்கிழமைக்குள் ஒழுங்காக முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. பட்டை ஒட்டிக் கறுப்படித்து அனுப்புகிற வேலையை அவர் செய்வதில்லை. திட்டிக்கொண்டே பேட்டரி வயரைக் கழற்றினார், திட்டிக்கொண்டே டீசல் டேங்கை இறக்கினார். பின்னாலிருக்கும் மீன் தொட்டியைத் தூக்குவதற்குச் செயின் பிளாக் போட்டார்கள். துருப்பிடித்த போல்ட் பன்னிரண்டில் ஒன்றுகூடச் சுழலவில்லை. பன்னிரண்டையும் அறுத்து எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. இளவரசு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அமராவதி டீ வாங்கி வந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்பது தங்கராசுவுக்குத் தெரியாததல்ல. புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிறவியிலேயே இடது கைக்காரர். சோற்றைத் தொட்டால் அப்பா அடிப்பார், பலப்பம் பிடித்தால் வாத்தியார் அடிப்பார். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர், "நொட்டக் கைய வச்சிக்கிட்டு நீ எங்க உருப்படப் போற" என்று வகுப்பு நடுவில் சிரித்தார். தங்கராசு வெல்டிங் ராடை அதே இடது கையில் பிடித்துத்தான் கற்றுக்கொண்டார். அந்தக் கையின் வேலையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அவர் மனைவி மாலதி மட்டும், "கை சுத்தம்தான், வாய்தான் சுத்தமில்ல" என்பாள்.

வியாழன் சாயந்திரம் சேஸிஸை அறுத்துத் திறந்தபோதுதான் அசல் விஷயம் வெளியே வந்தது. பெட்டி மாதிரி மூடிய அந்த இரும்புக்குள்ளிருந்து கறுப்புச் சேறு கொழகொழவென்று கொட்டியது. ஐஸ் தண்ணீர், உப்பு, மீன் செதில், வருஷக்கணக்காக உள்ளேயே கிடந்து ஊறியது. அந்த நாற்றத்தில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் உள்ளே போவது புதிதில்லை, எந்த மீன் வண்டியிலும் போகும். போனது வடிவதற்காகத்தான் சேஸிஸின் அடியில் துளை விட்டிருப்பார்கள். தங்கராசு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். துளை இருக்க வேண்டிய நான்கு இடத்திலும் இரும்புத் துண்டு வைத்து அடைத்திருந்தது. அதற்கு மேல் ஏழெட்டுக் கோட்டிங் கறுப்பு.

அவ்வளவுதான். கையிலிருந்த சுத்தியலைத் தூக்கி எறிந்தார்.

"எந்த அறிவு கெட்டவன்டா இத அடச்சது? தண்ணி வடியிற ஓட்டைய அடச்சிருக்கான்! மூக்க அடச்சிட்டு மூச்சு விடுன்னா விடுமா? இத செஞ்சவன் கை வெளங்காமப் போவட்டும்!"

"ஐயய்யோ, அப்டிச் சொல்லாதீங்கண்ணே!" அமராவதி பதறிப்போய் எழுந்து நின்றாள்.

"ஏன் சொல்லக் கூடாது? உங்க ரெண்டு பேரு உயிருக்கும் ஒல வச்சிருக்கான். வெளங்குமா அந்தக் கை?"

இளவரசு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அமராவதி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். இந்தப் பெண்ணுக்கு இளகிய மனசு, முன்பின் தெரியாத ஒருவனுக்காகக்கூட இப்படித் துடிக்கிறாளே என்று தங்கராசு நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அமராவதி தில்லைக்காளி கோயில் குங்குமத்தோடு வந்தாள். "கையில வச்சிக்கிங்கண்ணே. எடது கையில."

"கிரீஸ் கையில குங்குமம் எதுக்கும்மா? மொதல்ல போய் டீ சொல்லு." ஆனாலும் கையை நீட்டினார். அவள் புறங்கையில் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள்.

அந்தத் துண்டுகளை அறுத்து எடுப்பதற்கு முன்னால் மேலே இருந்த கறுப்பைச் சுரண்ட வேண்டியிருந்தது. கம்பி பிரஷைக் கிரைண்டரில் மாட்டிச் சுத்தம் செய்தார். கறுப்பு போய் வெல்டிங் தெரிந்தது. நல்ல வெல்டிங். ஒரு புள்ளி விடாமல், செதில் செதிலாக, அடுக்கி வைத்தது போல. 'முட்டாளா இருந்தாலும் கை சுத்தமாத்தான் இருக்குது' என்று அவரையும் அறியாமல் நினைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

வலது கைக்காரர்கள் இழுத்த வெல்டிங்கில் செதில்கள் ஒரு பக்கம் பார்த்திருக்கும். இது மறுபக்கம் பார்த்திருந்தது. இப்படி இழுப்பதற்கு இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு கைதான் இருந்தது.

மல்லாந்து படுத்தபடியே அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆறு வருஷம் இருக்கும். திருப்பாதிரிப்புலியூர் கோயில் தெரு வழியாக வண்டி போகும்போது மீன் தண்ணீர் சொட்டுகிறது, கோலத்தின் மேலெல்லாம் நாற்றம் என்று தெருக்காரர்கள் மறித்துச் சண்டை போட்டார்கள். இளவரசு இங்கேதான் ஓடி வந்தான். வெளியே ஏழெட்டு வண்டி காத்துக் கிடந்தது. குனிந்து பார்த்து, சொட்டுகிற ஓட்டைகளை அரை மணி நேரத்தில் அடைத்துவிட்டு, "இனிமே ஒரு சொட்டு வெளிய வராது, போ" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியது இதே தங்கராசுதான்.

சொன்னபடி ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் வசவுச் சத்தமே இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் தங்கராசு வேலையை மட்டும் பார்த்தார். துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்தார். நாலு எம்.எம். பிளேட்டை வளைத்து இரண்டு பக்கமும் வைத்தார், உள்ளேயும் வெளியேயும் ரெட் ஆக்சைடு அடித்தார். நன்றாக இருந்த முன்பக்கத்தைக்கூட விடாமல் சுரண்டிப் பார்த்தார். பஞ்சர் கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "ஒடம்பு எதுனா சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டியைப் பழையபடி ஏற்றினார்கள். நான்கு துளைகளும் பழையபடி திறந்திருந்தன. தங்கராசு ஒரு பக்கெட் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் நான்கிலிருந்தும் தண்ணீர் ஒழுகித் தரையில் ஓடியது. இளவரசு சேஸிஸைச் சுத்தியலால் தட்டினான். முன்னாலிருந்து பின்வரை டங் என்றே கேட்டது.

"நாளைக்கி எஃப்.சி.க்குத் தைரியமா போ" என்றார் தங்கராசு. பிறகு பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "மார்க்கெட்டுக்கு வேற தெரு வழியா போங்க. அந்த ஓட்டைய அடச்சது நாந்தான்."

"தெரியும்ண்ணே" என்றாள் அமராவதி.

"தெரியுமா? தெரிஞ்சிக்கிட்டா நின்னீங்க? அவ்வளவு திட்டுனனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா கோவிச்சிக்கிட்டு வேலையப் போட்டுட்டுப் போயிடுவ மச்சான்" என்றான் இளவரசு. "அப்புறம் திங்கக்கெழமைக்கு யாருகிட்ட போறது?"

"திட்டுனது போவுதுண்ணே" என்றாள் அமராவதி. "அந்தக் கை வெளங்காமப் போவட்டும்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் மனசுலயே நின்னுடுச்சி. ராத்திரி கண்ணு மூடல. அந்தக் கையதானே நாங்க நம்பி வந்தோம்? அதான் விடிஞ்சதும் காளி கோயிலுக்கு ஓடுனேன்."

தங்கராசு இடது கையைத் திருப்பிப் பார்த்தார். துருவும் கிரீஸும் அப்பியிருந்தன. குங்குமம் வெள்ளிக்கிழமையே அழிந்துபோயிருந்தது. கையை வேட்டியில் அழுத்தித் துடைத்து அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வச்சிருக்கியாம்மா?"