பக்குரங்கா உச்சி மாநாடு

உப்புப் போத்தலை மேசையின் இடது பக்கம் நகர்த்திவிட்டு மகேசன் அண்ணை நிமிர்ந்தார். "இதுதான் போலந்து. யால்ட்டாவில ஸ்டாலின், சர்ச்சில், ரூஸ்வெல்ட் மூண்டு பேரும் இருந்து கதைச்சு எல்லையை இப்பிடித் தள்ளிவிட்டவை. போலந்துக்காரர் ஒருத்தரையும் கூப்பிடேல்லை! ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச பிறகும் அந்தக் கோட்டுக்காகச் சனம் வீடு வாசலை விட்டு நடந்தது." தாமும் இடம்பெயர்ந்து வந்தவர் என்பதால், இந்த இடத்தில் அவர் குரல் தடித்துவிடும்.

நாங்கள் குடியேறிய நகரின் கிழக்குப் பக்கம், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பக்கத்திலுள்ள பக்குரங்காவில் அவர் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் யால்ட்டாவைத் தாண்டாமல் தயிருக்கு வர முடியாது. நான் பலமுறை தாண்டியிருக்கிறேன். எனக்கு வரலாற்றில் அக்கறை என்று அவர் நம்புகிறார். என் அக்கறையெல்லாம் அவர் மனைவி புஷ்பவதியின் கத்தரிக்காய்க் குழம்பில்தான்.

சென்ற மாதம் மகள் லோஜனாவின் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை திலக்சன் அவளே விரும்பிய பையன். அவன் தகப்பன் இரத்தினசிங்கம் ஹென்டர்சனிலிருந்து வந்திருந்தார். சம்பந்திகளுக்கு நடுவே, குடும்ப நண்பனாக, பெரிய மனிதத் தோரணையில், வடைத்தட்டோடு நான். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டோம். கலியாணம் அண்ணையின் விருப்பப்படி பக்குரங்காவில். அதற்கு ஈடாகக் குடித்தனம் ஹென்டர்சனில், மாப்பிள்ளை வீட்டாரோடு. "நல்ல முடிவு" என்று முதலில் சொன்னவன் நானே. மூவரும் வரிசையாக உட்கார்ந்து படமும் எடுத்துக்கொண்டோம்.

சம்பந்தி போன பிறகு, வேலை முடிந்து வந்த லோஜனாவிடம் அண்ணை படத்தைக் காட்டி முடிவைச் சொன்னார். அவளுக்கும் வேலை ஈஸ்ட் டாமாக்கியில். ஹென்டர்சனோ நகரின் மறுகோடி. படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"ஸோ, ஆம் ஐ போலண்ட், அப்பா? அப்ப நான்தான் போலந்தோ?"

அவள் கண் கலங்கியிருந்தது. கையிலிருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தேன். வெட்கமாக இருந்தது.

அண்ணையும் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு தம்மை நினைத்தே சிரித்தார். "இவ்வளவு வருசமா அந்த மூண்டு பேரையும் திட்டினன். கடைசியில பிளேன்ரீயும் வடையும் வைச்சு, என்ர வீட்டு ஹோலுக்குள்ளயே ஒரு யால்ட்டா நடத்திப்போட்டன்!"

உடனே இரத்தினசிங்கத்துக்குப் போன் எடுத்தார். "சம்பந்தி, நாங்கள் கதைச்சதை விடுங்கோ. ஓம், எல்லாத்தையும்தான். திலக்சனை எடுக்கச் சொல்லுங்கோ. எங்க இருக்கிறதெண்டு அதுகளே கதைக்கட்டும்."

திலக்சனின் அழைப்பு வந்ததும் போனை லோஜனாவின் கையில் கொடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஹோலை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேச்சு என்று கதவில் காதை வைக்கப் போன என்னை, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முற்றத்துக் குளிரில் நிறுத்தினார்.