பால் பாயசத்தில் விழுந்த புளிசேரி அகப்பை

வலியசாலையில் வடிவம்மாள் புளிசேரி என்கிற மோர்க்குழம்பைத் தாளிக்கிற நேரத்தில் கிழக்கேகோட்டைக்குப் போகிற பஸ்கள் தாமாகவே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும். டிரைவர் பிரேக்கைத் தொடுவதே கிடையாது. நம்பாதவர்கள் முகூர்த்த நாளில் வந்து பார்க்கலாம். பஸ் நிற்காமல் போனால் அன்றைக்கு அவள் லீவு என்று அர்த்தம்.

எங்கள் தெருச் சங்கத்துக் கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டுச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. அவளுக்கு முன்னால் அது ஆண்களின் இடுப்பைத் தவிர வேறு இடம் கண்டதில்லை. பழைய தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெற்றபோது, சாவி பகவதிப்பெருமாளுக்குத்தான் என்று ஊரே நினைத்தது. அவரும் நினைத்தார். சாவியைத் தொங்கவிட வசதியாக அகலமான தோல் பெல்ட் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டார். சங்கமோ, ஒரு வருஷம் பார்க்கலாம் என்று வடிவம்மாளிடம் கொடுத்தது.

“பொம்பளை கைக்கு வார்ப்பு அடங்குமா? பாப்போம்,” என்றார் பகவதிப்பெருமாள், அண்டா அகலத்துக்கு இருந்த வெண்கல வார்ப்பைக் காட்டி. சொல்லிவிட்டு அவளுக்குக் கீழேயே வேலைக்கும் வந்தார், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு.

அந்த வருஷம் முடிகிற சமயத்தில் ஒரு கல்யாணம். பெண் எங்கள் தெரு; மாப்பிள்ளை பேட்டையில் மலையாளக் குடும்பம். திருவனந்தபுரத்துக்காரர்கள் சாம்பாரில் உப்பு கூடினால் மன்னிப்பார்கள். தாலி கட்ட நேரமானாலும் மன்னிப்பார்கள். மஞ்சள் போளியை இலையில் பிய்த்துப் போட்டு, அதன்மேல் பால் பாயசம் விழாவிட்டால் மட்டும் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

பாயசத்துக்கு நிற்கிற தாசையன் அன்றைக்கு லீவு. பாறசாலையில் அவருடைய சர்ச்சில் அசனம். ஊருக்கே பொங்கிப் போடுகிற அந்த விருந்துக்கு அவர் கை இல்லாமல் அரிசி வேகாது என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே புளிசேரி வார்ப்பு, பாயச வார்ப்பு இரண்டையும் பகவதிப்பெருமாளிடம் விட்டாள் வடிவம்மாள். முதல் பந்தி அமர்க்களமாக முடிந்தது. இரண்டாம் பந்தி உட்கார்ந்து பருப்பும் நெய்யும் விட்டாகிவிட்டது. அப்போதுதான் பகவதிப்பெருமாள், புளிசேரி ஒட்டியிருந்த அகப்பையை எடுத்து, பாராமல் அப்படியே பாயசத்தில் விட்டுக் கிண்டினார். தயிரின் புளிப்பு பட்டதும் பால் திரிதிரியாகப் பிரிந்தது.

செய்தி கேட்டுச் சங்கச் செயலாளர் சேஷன் ஓடிவந்தார்.

“வடிவு, பதறாதே. பால் கெட்டதா வந்துடுத்துன்னு சொல்லிட்டேன். பொண்ணோட அப்பா ஷிபினைப் பிடிச்சுண்டு கத்திண்டிருக்கார். நீ வாயைத் திறக்காம இரு, சாவி உங்கிட்டயே இருக்கும்.”

ஷிபின் வெள்ளாயணியிலிருந்து பால் கொண்டுவருகிறவன். காலையில் பாலை இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், பாதி இலையில் எழுந்து நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

வடிவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே பந்திக்கு நடந்தாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. ஒருமுறை அவள் இங்கே உப்பு கேட்டதற்கு ஆரியசாலையில் ஒரு கடைக்காரர் பொட்டலம் கட்டிவிட்டார்.

“ஷிபின் கொண்டுவந்த பால் நல்ல பாலாக்கும். கெட்டது எங்க அடுக்களையில, புளிசேரி அகப்பை பாயசத்துல விழுந்து. ரெண்டு வார்ப்புக்கு ஒத்தை ஆளை நிறுத்தினது நான். தப்பு என்னோடது. ஷிபினே, நீ உக்காந்து தின்னு.”

மாப்பிள்ளையின் அம்மா ஓமனா நிமிர்ந்து பார்த்தார். “அது சரி மோளே. அகப்பை இட்டது ஆரா?”

“அடுக்களைக்கு ஆளு நானாக்கும் சேச்சி. வேற பேரு இல்ல.”

“பின்னே நான் போளியை எது கூட்டித் தின்னட்டு?”

“சேமியா பாயசம் வருது. கொஞ்சம் மெல்ல மெல்ல தின்னணும்.”

ஷிபின் உட்காரவில்லை. இலையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அவன் வெள்ளாயணி போய்ப் பாலோடு திரும்பிய வேகத்தில் சாலையோரத்துத் தென்னைகள் இன்றும் ஒருபக்கமாகச் சாய்ந்தே நிற்கின்றன. அதுவரை அவியல் போய்ப் போய் வந்தது. வேண்டாம் என்றவர்களுக்கும் வந்தது. கடைசியில் போளிமேல் சேமியா பாயசம் விழுந்தது. ஓமனா சேச்சி இன்னொரு போளி கேட்டார்.

சங்கம் அதோடு விடவில்லை. அடுத்த வாரம் கூடியது. வடிவம்மாள் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். தலைவர் கேட்டார்: “யார் செஞ்சதுன்னு சொல்லிட்டா அந்த ஆளை மாத்திட்டு உன்னை வச்சுக்கலாம். சொல்லு.”

“சொன்னேனே சார். நான்தான்.”

வாசலில் நின்ற பகவதிப்பெருமாள் உள்ளே வந்தார். “அகப்பை என் கையில இருந்துது.”

“அண்ணாச்சி, உங்களை ஆரு கேட்டா?”

“கேக்காட்டா சொல்லக்கூடாதோ? இவ்வளவு நாளா உன்னைக் குத்தம் சொல்லியே வாழ்ந்துட்டேன். ஒருதடவை என்னையும் சொல்லிக்கிடுதேன்.”

பாத்திரம் விளக்குகிற முத்தாரம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “மொத பந்தி முடிஞ்சதும் அகப்பை ரெண்டையும் வெளக்காம ஒண்ணாப் போட்டது நானாக்கும்.”

“நான் லீவு போடாம இருந்தா இது நடந்திருக்குமா?” என்றார் அவள் பக்கத்தில் நின்ற தாசையன். அசனத்தில் அரிசி அவர் போவதற்கு முன்பே வெந்திருந்ததாம். அந்த வருத்தம் வேறு.

தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டு முத்தாரம்மாள் பக்கம் திரும்பினார். “நீ ஏன் விளக்கலே?”

“கொழாயில தண்ணி வந்தால்லா விளக்குகதுக்கு?”

எல்லாரும் சேஷனைப் பார்த்தார்கள். மண்டபத்து மோட்டாரைப் போடுவது அவர் பொறுப்பு. சேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“மறந்துடுத்து,” என்றார் மெல்ல.

சங்கத்தின் சரித்திரத்தில், குற்றத்துக்கு இத்தனை பேர் வரிசையில் நின்றது அதுதான் முதல்முறை. கொஞ்சம் விட்டிருந்தால் ஓமனா சேச்சியும் ஆட்டோ பிடித்து வந்திருப்பார். தலைவர் சாவியை வடிவம்மாள் பக்கம் தள்ளினார். “வருஷக் கணக்கெல்லாம் இனிமே வேண்டாம். எடுத்துண்டு போ. எல்லாரையும் அழைச்சுண்டு போ.”

அதற்குப் பிறகு அங்கே ஒரு வார்ப்புக்கு ஒரு ஆள்தான். லீவு கேட்டால் மாற்றாள் வந்து நின்ற பிறகுதான் லீவு. வடிவம்மாளுக்கும் அதே சட்டம்.

புளிசேரி அகப்பை இப்போது தரையைத் தொடுவதில்லை. சுவரில் ஆணியடித்து, பகவதிப்பெருமாள் தன்னுடைய அகலமான தோல் பெல்ட்டால் அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். யார் எடுக்க வந்தாலும் அவரைக் கேட்டுத்தான் பக்கிள் அவிழும்.

“வேட்டி அவுந்துடாதா அண்ணாச்சி?” என்று முத்தாரம்மாள் கேட்டாள்.

“அவுந்தா அது என் பொறுப்பு,” என்றார் அவர்.