கமிட்டிப் பிள்ளைகளும் பொஸ்னியப் பயிற்சியாளரும்

இரண்டு யாழ்ப்பாணத்தார் லண்டனில் சந்தித்தால் மூன்று சங்கம் பிறக்கும் என்பார்கள். அப்படிப் பிறந்த எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். என் ஒரே தகுதி, வீட்டில் தட்டச்சுப் பொறி இருந்ததுதான். தொண்ணூறுகளின் நடுவில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு ஓர் உதைபந்தாட்ட அணியும் வைத்திருந்தோம். வருடாவருடம் சுற்றுப்போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மிச்ச நேரத்தில் மட்டன் ரோல்ஸ் சாப்பிடுவோம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கமிட்டி உறுப்பினரின் பிள்ளைக்கு அணியில் இடம் உண்டு என்பது எங்கள் எழுதாத சட்டம். கமிட்டியில் ஒன்பது பேர். விளையாடத் தெரிந்த பிள்ளைகள் மிச்சம் இரண்டு இடத்துக்கு அடிபட்டார்கள். தலைவரின் மகன் பந்தைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் மரியாதைக்காரன். அவன்தான் கோல் அடிக்க வேண்டியவன். என் மகன் பின்வரிசையில் புல் பிடுங்குவான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அந்த வருடம்தான் பொஸ்னியாக்காரர் வந்தார். குட்மேய்ஸில் நான் வேலை செய்த பெட்ரோல் நிலையத்தின் முற்றத்தில் கார் கழுவியவர். தன் நாட்டில் இரண்டாம் பிரிவு அணியொன்றுக்குப் பத்து வருடம் ஆடியிருந்தார். முதலில் முழங்கால் போனது, பிறகு சண்டை வந்து மைதானமும் போனது. அகதி விண்ணப்பம் நிரப்ப அவருக்கு நான் உதவினேன்; அந்தக் கலையில் நாங்கள் பட்டம் பெற்றவர்கள். பதிலுக்கு எங்கள் பிள்ளைகளைப் பழக்கித் தருவீர்களா, சம்பளம் இல்லை, மட்டன் ரோல்ஸ் உண்டு என்றேன். அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டார்.

வால்தம்ஸ்டோ மைதானத்தில் தலைவர் நீட்டிய பெயர்ப் பட்டியலை வாசிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எல்லோரையும் ஓடவிட்டுப் பார்த்து, தானே பதினொரு பேரைப் பொறுக்கினார். கமிட்டிப் பிள்ளைகளில் நான்கு பேர்தான் தேறினார்கள். தலைவரின் மகன் பெஞ்சில். தலைவர் முழித்த முழியை வீட்டுக்கு வந்து மனைவிக்கு நடித்துக் காட்டினேன்.

"எங்கட மகனையும் இருத்திப்போட்டார் தானே?" என்றாள்.

"அது இரண்டு கிழமைக்குத்தான்" என்றேன்.

பிறகு சங்க வரலாற்றில் இல்லாத விபரீதம் நடந்தது. வென்றோம். வென்றுகொண்டே போய் இறுதிப்போட்டியில் நின்றோம். என் மகன் பெஞ்சிலேயே இருந்தான்.

இறுதிப்போட்டிக்கு முந்திய வாரம் பொஸ்னியாக்காரர் ஒரு கடிதம் கேட்டார். கவுன்சிலில் சிறுவர் பயிற்சியாளர் வேலை ஒன்று இருந்தது. சம்பளம் வரும், கார் கழுவத் தேவையில்லை. ஏதாவது சங்கத்தில் பயிற்சி கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும், திங்கட்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கமிட்டிக்கும் சொல்லிவிட்டு, வியாழக்கிழமையே தட்டச்சு செய்து, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டியில் எல்லோருக்கும் முன்னால் கொடுத்து நல்ல பெயர் எடுக்கலாம் என்று கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியச் சடங்கு எடுக்கும் வீடியோக்காரரைத் தலைவர் பிடித்து வந்திருந்தார். கசெட் கனடாவுக்குப் போக வேண்டுமாம். மகனைத்தான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. பாவம், அந்த மனிதர் பாதி ஆட்டம் முழுக்கப் பெஞ்சையே படம் பிடித்தார். இடைவேளையில் தலைவர் என்னிடம் பாய்ந்து வந்தார்.

"ஐசே, அந்த மனுசனிட்டச் சொல்லும். என்ர மகனை இறக்காட்டில் கடிதமும் இல்லை, ஒண்டுமில்லை."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பொஸ்னியாக்காரர் உடைந்த ஆங்கிலத்தில், "எங்கள் ஊர் அணிக்கும் ஒரு தலைவர் இருந்தார். அவருக்கும் ஒரு மகன். ஒவ்வொரு ஞாயிறும் பத்துப் பேரோடு ஆடினோம்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். தலைவர் கோபத்தோடு போய்விட்டார்.

அவர் போனதும் நான் குரலைத் தாழ்த்தினேன். என் மகனுக்குக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"அவனுக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா?" என்றார்.

நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

இரண்டுக்கு ஒன்றாக வென்றோம். கிண்ணத்தோடு படம் எடுத்து முடிந்ததும் அவர் கடிதத்தைக் கேட்டார். கோட்டுப் பைக்குள் என் விரலில் அது தட்டுப்பட்டது. "தலைவர் மறித்துவிட்டார்" என்றேன். அவர் என் தோளில் தட்டி, "உங்கள் பிழை இல்லை" என்றார்.

இரண்டு இரவு தூக்கம் இல்லை. கெடு முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போனதும் முற்றத்துக்குச் சென்று, தலைவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்லி நீட்டினேன். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கடிதத்தின் தலைப்பில் இருந்த வியாழக்கிழமைத் திகதியில் அவர் விரல் நின்றது.

"உங்கள் மகனை இறக்காததற்கா?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர் கடிதத்தை என்னிடமே தந்துவிட்டு, காத்திருந்த காரின் பக்கம் போனார்.

அடுத்த வருடம் வேறொரு சங்கத்தின் கடிதத்தோடு அந்த வேலைக்குப் போனார். பிறகு பல வருடம் கவுன்சில் பிள்ளைகளைப் பழக்கினார். அதுவரை, அந்தப் பனிக்காலம் முழுவதும், நான் ஹீட்டருக்குப் பக்கத்தில் கல்லாவில் இருந்தபடி, அவர் கார் கழுவுவதைக் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.