வீட்டுக்காரி காவல் காத்த வரி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்டார் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சினிமா நட்சத்திரம் மாதிரி இருந்ததால் அல்ல. ஐம்பத்திரண்டு வயதில், சாம்பல் நிற ஸ்வெட்டரில், மூலை மேசையில் உட்கார்ந்திருப்பவளை யார் அப்படிச் சொல்வார்கள்? அவள் கம்ப்யூட்டரில் எழுதும் ஸ்கிரிப்டில் வரிக்கு வரி நட்சத்திரக் குறி இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சிப்புக்குள் பின் எனப்படும் இணைப்பு முனைகள் லட்சக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிக்னல் குறித்த நேரத்துக்குள் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அத்தனை பெயரையும் யார் தட்டிக்கொண்டிருப்பது? பெயரின் முதல் சில எழுத்துகளைப் போட்டு, பின்னால் ஒரு நட்சத்திரம் வைத்தால் போதும், அப்படித் தொடங்கும் பின்கள் எல்லாம் வந்து நிற்கும். கூப்பிடாததும் கூடவே வந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை வந்தன என்று எண்ணிவிட்டுத்தான் நகர்வாள்.

ஒரே ஒரு வரியை மட்டும் அவள் எண்ணியதே இல்லை.

அது அவள் கணவர் எழுதியது, சிப்புக்குச் சிப்பு அப்படியே தொடர்ந்து வருவது. இருவரும் அங்கே அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தவர்கள். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. கூட இருந்தவர்களும் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போய்விட, அவரை அறிந்தவள் அங்கே அவள் மட்டும்தான். 'சி, ஏ, எல்' என்று தொடங்கும் பின்களை நேரக் கணக்கில் சேர்க்காதே என்பது அந்த வரி. அவை கேலிப்ரேஷன் பின்கள். தொழிற்சாலையில் ஒரே ஒரு தடவை அளவைச் சரிபார்க்க உதவும், அதோடு அவற்றின் வேலை முடிந்தது. வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'இதைத் தொடாதீர்கள். என் வீட்டுக்காரி சும்மா விடமாட்டாள்.'

புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். மனுஷன் வாங்கிய அடி எழுத்தில் தெரிகிறதே என்பான் ஒருவன். அந்த அம்மா உருட்டுக்கட்டையோடு எங்கே நிற்கிறாளோ என்று தேடுவாள் இன்னொருத்தி. ஸ்டார் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பேச்சுச் சத்தம் வேண்டுமே என்று அவளே டிவியைப் போட வேண்டும். அவரைப் பற்றி இன்னொரு வாய் பேசி அவள் காதில் விழுவது இந்தக் கேலி மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் கணக்கு உதைத்தது. சர்க்கரை அளவு பார்க்கும் கருவிக்கான சிப் அது, மறுநாள் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். கணக்கில் சேராத பின்களின் மொத்தத்தில் ஒன்று அதிகம். வரி வரியாக எண்ணிக்கொண்டு வந்தாள். எல்லாம் சரி. கடைசியில் அவர் வரிதான் பாக்கி. அதையும் எண்ணினாள். அறுபத்து நான்கு வர வேண்டிய இடத்தில் அறுபத்தைந்து.

இந்தச் சிப்பில் புதிதாக ஒரு கேல்குலேஷன் பின் சேர்த்திருந்தார்கள். கருவி கணக்குப் போட்டு முடித்த விடையைச் சுமக்கும் பின். அதன் பெயரும் அதே மூன்று எழுத்தில்தான் தொடங்கியது. நட்சத்திரம் அதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. விடை தாமதமாக வருகிறதா என்று யாருமே பார்த்திருக்கவில்லை. அந்தப் பின்னை மட்டும் தனியாகச் சோதித்தாள். தாமதம்தான். கருவி தப்பான அளவைக் காட்டும்.

எழுந்து போய் டீம் லீடரிடம் சொன்னாள். அவளைவிட இருபது வயது சின்னவன். தலையில் கை வைத்துக்கொண்டான். சிப்பைத் திருத்த மூன்று வாரமாவது ஆகும், மேலதிகாரிகளுக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். பழைய ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"போனவன் எவனோ அரைகுறையா எழுதி வெச்சிருக்கான்க்கா. அப்படியே போட்டுடறேன். உங்க மேல ஒண்ணும் வராது."

பேசாமல் இருந்திருந்தால் போதும், அவள் தப்பித்திருப்பாள். எட்டு வருடம் அந்த வரியைப் பொத்திப் பொத்தி வைத்தவள், அவரைக் குற்றவாளியாக்கிவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவாள்?

"அவர் எழுதினப்போ அறுபத்து நாலுதான் வந்துச்சு. அவர் வரியில தப்பில்ல. புது சிப்புக்கு எண்ணிப் பார்க்காம விட்டது நான். என் பேரைப் போடுங்க."

"அவரை உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"அந்த வீட்டுக்காரி நான்தான் தம்பி."

அவன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. தன் மேசைக்குப் போய் அந்த வரியை அழித்தாள். நட்சத்திரம் வைக்காமல், அறுபத்து நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். மேலே இருந்த குறிப்பில் கை வைக்கவில்லை.

காரணம் சொல்லும் கடிதம் அவள் பெயரோடுதான் போனது. அடுத்த சிப்பின் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதற்கெல்லாம் அவள் அழவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்கிரிப்டைப் படித்துக்கொண்டே வந்தவள் அந்தக் குறிப்பில் நின்று, "ஐயோ, இது யாரு..." என்று சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவன் சட்டென்று அவள் கையைத் தட்டி, கண்ணாலேயே மூலை மேசையைக் காட்டினான். சிரிப்பு பாதியில் நின்றது.

ஸ்டார் அக்கா திரையைப் பார்த்தபடியே காத்திருந்தாள். உருட்டுக்கட்டையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.